ஓடுதளத்தின் முடிவில் ஒரு பாதி வார்த்தை

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதிக்கவில்லை. என் நாத்தனார் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள், கையகல நைலான் பட்டை ஒன்றைச் சுருட்டி வந்து வெங்காயத் தோல்களின் மேல் வைத்தாள்.

"அண்ணி, நீங்க கதை எழுதறவங்கதானே?"

பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என் கதை ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. படித்ததாகப் பொய் சொன்னதும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

"அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன். என்ன விஷயம்?"

"இந்த வலை இல்லேன்னா அன்னைக்கு அந்த விமானம் எங்க போய் நின்னிருக்கும்? எழுதிக் குடுங்க."

(நாத்தனார் என்றதும் சண்டைக் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் சாய்ந்துகொள்ளலாம். எங்களுக்குள் சண்டை உண்டு. அது குளியலறைக் குழாயைப் பற்றியது. இந்தக் கதைக்குள் வராது.)

2

எழுதி அடித்த முதல் வரிகளை மறைக்காமல் இங்கே வைக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அவள் சொன்னதையும் சேர்த்து.

மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்தப் போர் விமானம் ஒரு காயம்பட்ட பறவையைப் போல—

("அன்னைக்கு மேகமே இல்ல அண்ணி, மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. அப்புறம் காயம்பட்ட பறவை எதுக்கு? பிரேக்தான் போச்சு. ரெக்கை நல்லாத்தான் இருந்துச்சு.")

ஓடுதளத்தின் முடிவில் மரணம் காத்திருந்தது—

("நான்தான் காத்திருந்தேன்.")

சரி, அலங்காரம் வேண்டாம். என் நாத்தனார் ஒரு விமானப்படைப் பயிற்சித் தளத்தில் வேலை செய்கிறாள். ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கேபின். அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு பொத்தான். வெளியே ஓடுதளத்தின் குறுக்கே, தரையோடு தரையாக ஒரு பெரிய வலை படுத்திருக்கும். தரையிறங்கிய விமானம் நிற்க முடியாமல் ஓடிவந்தால், விமானி ரேடியோவில் வலை கேட்பார். அவள் பொத்தானை அழுத்துவாள். இரண்டு பக்கமும் கம்பங்கள் எழுந்து வலையைத் தூக்கி நிறுத்தும். விமானம் மூக்கை நுழைக்கும். பட்டைகள் இறக்கைகளைச் சுற்றிக்கொள்ளும். வலையின் முனைகளில் கட்டிய நீளமான நாடாக்கள் உருளைகளிலிருந்து இழுபட்டு இழுபட்டு விமானத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. தளத்தில் அவளை வலைக்காரி என்று கூப்பிடுகிறார்கள்.*

தினமும் காலையில் ஒவ்வொரு பட்டையையும் விரலால் தடவிப் பார்ப்பாள். வெயிலில் விறைத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று. பிறகு கேபினில் உட்கார்ந்துவிடுவாள். பெரும்பாலும் எதுவும் நடக்காது. மாலையில் "இன்னைக்கு என்ன?" என்று கேட்டால், பரிசு வாங்கி வந்தவள் மாதிரி "ஒண்ணுமில்ல" என்பாள். ஒன்றும் நடக்காத நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? எங்கள் தொழில்கள் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

* வலை என்று எழுதினாலே நம் மொழியில் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். வலை விரிக்கிறார்கள், வலையில் வீழ்த்துகிறார்கள், போலீஸ் வலைவீசித் தேடுகிறது. காப்பாற்றுகிற வலை என்று யோசித்தால் கொசுவலைதான் வருகிறது. அதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நீங்கள் அதைப் படிக்காமல் தப்பித்தீர்கள்.

3

அன்று நடந்தது இது.

மழை விட்ட முற்பகல். ஓடுதளம் ஈரம். அனுபவமுள்ள ஒரு விமானி தனியாகப் பறந்துவிட்டு இறங்குகிறார். சக்கரம் தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டுவிட்டது. பிரேக்கை மிதிக்கிறார். இடது சக்கரத்தில் பிடிப்பு இல்லை, வலது சக்கரத்தில் மட்டும் பிடிக்கிறது. விமானம் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ரேடியோவில் அவர் குரல் கேட்டது:**

"வல—"

அதோடு சரி. விமானம் குலுங்கியதில் அவருடைய கட்டைவிரல் பேசும் பொத்தானிலிருந்து நழுவிவிட்டது.

வலைக்காரி தன் பொத்தானை அழுத்தினாள். வலை எழுந்தது, விமானம் புகுந்தது, நின்றது. விமானி கழுத்துச் சுளுக்கோடு இறங்கித் தன் காலிலேயே நடந்து வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம்.

விசாரணைக் குழு அப்படி நினைக்கவில்லை. விமானி அவர்களிடம், "வலது பக்கம் இழுக்குது" என்று சொல்ல வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவசரப் பிரேக்கின் பிடியில் அப்போதுதான் கை வைத்தாராம். அது பிடித்திருந்தால் விமானம் தானாகவே நின்றிருக்கலாம். வலைக்குள் போனதில் இறக்கையும் மூக்கும் சேதம். தளத்தின் விதியோ தெளிவானது: விமானி கேட்காமல் வலையைத் தூக்கக் கூடாது.

அந்த விதியைக் கேலி செய்து ஒரு பக்கம் எழுதினேன். நாத்தனார் அதை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

"விதி சரிதான் அண்ணி. நிக்க முடியாதுன்னு தெரிஞ்சு அவர் திரும்ப மேல கிளம்பப் பாத்திருந்தார்னு வைங்க. நான் தூக்கினதே அவரைக் கொன்னிருக்கும்."

லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர் தங்கைக்காகப் பரிந்து பேச வந்தார். "லிஃப்ட்ல கயிறு அறுந்தா கப்புன்னு பிடிக்க ஒரு சாமான் இருக்கு. அது யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கறதில்ல."

"லிஃப்ட், மறுபடி பறந்துடலாமான்னு யோசிக்காது அண்ணே."

அவர் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆக, விமானம் தானாக நின்றிருக்குமா, இருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் வலை அதை நிறுத்திவிட்டது. வலை ஒழுங்காக வேலை செய்தால், தான் தேவைப்பட்டதா என்பதற்கான சாட்சியையும் சேர்த்து அழித்துவிடுகிறது. இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் கதை எழுதுகிறவர்களிடம்தான் வர வேண்டும். அதனால்தான் அவள் வெங்காயத் தோலின் மேல் பட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அன்றே சொன்னாள்:

"கேபினை விட்டு என்னை மாத்தினா மாத்தட்டும். அது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா தாங்கிக்குவேன். திரும்ப அங்கயே உக்கார வெச்சா? அடுத்த தடவை என் கை யோசிக்குமோன்னு பயமா இருக்கு அண்ணி. யோசிக்கிற கை அந்தப் பொத்தான்மேல இருக்கக் கூடாது."

அவள் இப்படி வாய்விட்டுப் பயந்து நான் பார்த்ததே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன்.

 ** விமானிகள் ஆங்கிலத்தில்தானே பேசுவார்கள் என்று கேட்பவர்களுக்கு: இந்தத் தளத்தில் தமிழில் பேசுகிறார்கள். ஏன் என்று கேட்டால், இது என் கதை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

4

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். விமானிக்கு முறுக்கு மீசை வைத்தேன்.

விமானி மீசையைத் தடவியபடி ஏளனமாகச் சிரித்தார். "யாரோ ஒருத்தி பொத்தானை அழுத்தித்தான் நான் பிழைக்க வேண்டுமா? என்னுடைய—"

"அவருக்கு மீசையே கிடையாது" என்றாள் நாத்தனார். "நல்ல மனுஷன் அண்ணி. மழை வந்தா கேபின்ல வந்து ஒதுங்குவாரு. வரும்போது பிஸ்கட் வாங்கிட்டு வருவாரு."

"அப்புறம் ஏன் குழுகிட்ட அப்படிச் சொன்னாரு?"

"அவருக்கு அப்படித் தோணியிருக்கும்."

நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை பண்ணுவது போன்ற தலைவேதனை வேறில்லை. மீசையை எடுத்தேன். ஏளனத்தையும் எடுத்தேன். மிஞ்சியது கழுத்துச் சுளுக்குள்ள ஒரு மனிதரும் ஒரு பிஸ்கட் பொட்டலமும்.

5

முதல் முடிவு. வலை இல்லை. அவசரப் பிரேக் பிடிக்கிறது. விமானம் முனகிக்கொண்டே வந்து, கடைசி வெள்ளைக் கோட்டில் மூக்கை வைத்து நிற்கிறது. விமானி நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்.

எழுதியதும் எனக்கே பிடித்திருந்தது. யாரும் சாகவில்லை, எதுவும் உடையவில்லை. நாத்தனாரிடம் கொடுத்தேன். படித்தாள்.

"இப்படியும் ஆகியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள் சாப்பிடக் கீழே வரவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாரையும் காப்பாற்றுகிற சந்தோஷத்தில் அவளைக் குற்றவாளியாக்கிவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு. வலை இல்லை. அவசரப் பிரேக்கும் பிடிக்கவில்லை. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு அப்பால் இருக்கும் சாலைக்குப் போகிறது. சாலையில் ஒரு பேருந்து. ஜன்னலோரத்தில் ஒரு பெண், புதிதாக வாங்கிய மின்விசிறியின் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கூடத்தில் மாட்டுவதா படுக்கையறையில் மாட்டுவதா என்று—

இங்கே நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மின்விசிறியைக் கொடுத்தது நான் செய்த தவறு. வெறும் பயணி என்று எழுதியிருந்தால் கை ஓடியிருக்கும். இப்போது அவள் வீட்டுக்குப் போய் அதை மாட்டியே ஆக வேண்டும். பேருந்தைக் கொஞ்சம் முன்னால் போகச் சொன்னேன். விமானம் காலிச் சாலையைத் தாண்டிப் பள்ளத்தில்—

பள்ளத்திலும் முடியாது. உள்ளே இருப்பவர் பிஸ்கட் வாங்கி வருகிறவர்.

6

இரண்டு முடிவிலும் நான் ஒரு தில்லுமுல்லு செய்திருக்கிறேன். கவனித்தீர்களா? வலை இல்லை என்று எழுதினேனே தவிர, ஏன் இல்லை என்று எழுதவில்லை. விமானம் எங்கே நின்றிருக்கும் என்று சொல்வதற்கு முன்னால், வலை எழவில்லை என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று உட்கார்ந்தேன்.

அன்று பார்த்து வலையைத் தூக்கும் மோட்டார் பழுதாகியிருந்தது.

("என் மோட்டாரா? காலையில நானே ஓட்டிப் பாத்தேன். எடுங்க அதை.")

அன்று வலைக்காரி விடுப்பில் இருந்தாள். அவளுடைய இடத்தில் இருந்தவள்—

("அவளும் அழுத்தியிருப்பா.")

ரேடியோவில் "வல—" என்று வந்தது. வலைக்காரி மீதி வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

இதைப் படித்தாள். என் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, "காத்திருந்தாள்" என்பதை அடித்தாள்.

"இல்ல அண்ணி. நான் காத்திருக்க மாட்டேன்."

"கதைக்குத்தானே கேக்கறேன். ஒரே ஒரு—"

"கதைக்குக்கூட மாட்டேன்."

சொன்ன பிறகு தன் கையைப் பார்த்தாள். பேனா இன்னும் அதில் இருந்தது. அந்தக் கை என்னைக் கேட்கவில்லை, அவளையும் கேட்டதாகத் தெரியவில்லை. வாக்கியத்தைப் பார்த்தது, அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட அன்று வெங்காயமும் இல்லை.

பயம் போனதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கதையின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள்.

"இது என்ன, 'இந்த வலை இல்லேன்னா'ன்னு நான் சொன்னதா எழுதியிருக்கீங்க? நான் எங்க அப்படிச் சொன்னேன்? நியூஸ் வாசிக்கிறவங்கதான் வலை வலைன்னு இழுப்பாங்க. நான் 'வல'ன்னு சொன்னேன்."

"பேச்சுல அப்படித்தான். எழுதும்போது ஐகாரத்தைச் சேத்துக்கணும்" என்றேன் எரிச்சலோடு. "தல வலிக்குதுன்னு சொல்றோம், தலைன்னு எழுதறோம். வெல என்னன்னு கேக்கறோம், விலைன்னு எழுதறோம். நீ வலன்னு பாதியில விட்டா நான் வலைன்னு முழுசா..."

நிறுத்தினேன்.

"எங்க, இன்னொரு தடவை சொல்லு."

"வல."

"முழுசாச் சொல்லு."

"முழுசாத்தான் சொன்னேன் அண்ணி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பால் பொங்கி வழிந்த அடுப்பை என் கணவர் வந்துதான் அணைத்தார்.

விசாரணைக்காக ரேடியோ ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்தவர் "வல" என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். குழுவினர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, பாதி வார்த்தைக்கு ஏன் வலையைத் தூக்கினாய் என்று கேட்டார்கள். கோடு காகிதத்தில்தான் இருந்தது, காற்றில் வரவில்லை. எழுத்தில் பாதியாக இருப்பது பேச்சில் முழுசாக இருந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கும் தோன்றவில்லை. மேலே போய்ப் பாருங்கள், நானும் அந்த வார்த்தை வரும் இடமெல்லாம் அதே கோட்டைத்தான் இழுத்து வைத்திருக்கிறேன். அழிக்கப்போவதில்லை, கிடக்கட்டும்.

(துள்ளிக் குதிக்க வேண்டாம். "வலது" என்பதும் "வல" என்றுதான் தொடங்குகிறது. அவர் வலைதான் கேட்டார் என்று இதனால் ஆகிவிடாது. இதையும் நாத்தனார்தான் எழுதச் சொன்னாள்.)

7

இந்தப் பகுதியில் கற்பனை இல்லை. இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்.

அடுத்த விசாரணைக்கு முந்தின மாலை விமானி எங்கள் வீட்டுக்கு வந்தார். மீசை இல்லை. கழுத்தில் பட்டி, கையில் பிஸ்கட். பட்டி இருந்ததால் தலையாட்ட முடியவில்லை, எல்லாவற்றுக்கும் வாய் திறந்து முழுதாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்."

"சர்க்கரை?"

"போடுங்க."

நலம் விசாரிக்க வந்தேன் என்றார். அவர் உடம்போடு சேர்ந்து திரும்பிப் பின்பக்க ஜன்னலைப் பார்த்தார். அங்கே, நாத்தனார் கொண்டுவந்த பட்டையை என் கணவர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்தார். போர் விமானத்தை நிறுத்திய பட்டையில் எங்கள் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அட, நம்ம வல!" என்றார் விமானி.

நாத்தனார் டீத் தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

"இப்ப என்ன சார் சொன்னீங்க?"

"நம்ம வலன்னு..."

அவருக்கும் கேட்டுவிட்டது. போர்வைகளை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே தெரியலம்மா. சத்தியமா ஞாபகம் இல்ல. வண்டி வலது பக்கம் இழுத்துச்சு, அதனால வலதுன்னுதான் சொல்லியிருப்பேன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். வாயில வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் பின்னாடி ஒட்டினது."

"நாளைக்கு அவங்ககிட்ட இதைச் சொல்லுவீங்களா?" என்று நான் கேட்டேன்.

தலையாட்டப் போனார். வலித்தது.

"சொல்றேன்" என்றார்.

8

விசாரணை முடிந்துவிட்டது. குழு என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால், அவள் செய்தது சரியா தப்பா என்பதை நீங்கள் அதை வைத்து முடிவு செய்துகொண்டு புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பொத்தானை அழுத்துகிற நேரத்தில் அந்த வசதி அவளுக்கு இல்லை.

வீட்டுப்பாடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "உன்னை வெச்சுக்கிட்டு அந்தக் கதையை எழுத முடியாதுடி. வலை இல்லாம அது எங்க நின்னிருக்கும்னு எனக்குத் தெரியல."

"அப்பாடா" என்றாள். அன்று இரண்டு பேருக்கான சோற்றை ஒருத்தியாகச் சாப்பிட்டாள்.

ஆகவே முடிவு உங்களுடையது. கொஞ்சம் இந்த நாற்காலியில் உட்காருங்கள். வலைக்காரி சாப்பிடப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். பட்டைகளையெல்லாம் காலையில் தடவிப் பார்த்துவிட்டாள், மோட்டாரும் நன்றாக ஓடுகிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஓடுதளத்தின் அந்தக் கோடியில் ஒரு விமானம் இறங்குகிறது. இறங்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் இறங்குகிறது. வேலிக்கு அப்பால், சாலையில் அந்தப் பேருந்து வருகிறது. விமானிக்கு மீசை இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் நான் எழுதவில்லை. உங்கள் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரேடியோ கரகரக்கிறது. இந்தத் தடவை நான் கோடு போடவில்லை.

"வல"